மூக்கில் ஏறும் கீரை

வெளிநாடு வந்த முதல் மாதம், வேலையிடத்து மதியச் சாப்பாட்டில் ஒரு கிண்ணம் பச்சை இலை வைத்தார்கள். முதல் வாயிலேயே காரம் மூக்கில் ஏறியது, பின்னாலேயே கசப்பு. கெட்டுப்போன கீரை என்று நினைத்து ஓரமாக ஒதுக்கிவிட்டேன்.

பெயர் ராக்கெட். பிரிட்டனில் அப்படி, அமெரிக்காவில் அருகுலா, இத்தாலியில் ரூக்கோலா. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் எல்லாம் இருக்கிற அதே குடும்பம் என்று படித்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. கடுகுக்குச் சொந்தம், மூக்கில் ஏறாமல் என்ன செய்யும்?

சரி, கீரைதானே என்று ஒரு கட்டு வாங்கி வதக்கிப் பார்த்தேன். கைப்பிடி அளவாகச் சுருங்கியது. காரமும் காணோம்! காரணம் அப்புறம்தான் புரிந்தது. நசுங்காத முழு இலையில் காரம் கிடையாது. குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஒருபக்கம், மைரோசினேஸ் என்ற நொதி இன்னொருபக்கம், தனித்தனியாக இருக்கின்றன. கடித்து நசுக்கும்போதுதான் இரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. சூட்டில் நொதி செத்துவிடும். பச்சையாகச் சாப்பிடுகிறார்களே என்று நான் சிரித்தது வீண்.

பக்கத்து வீட்டு அம்மா ஒரு சிட்டிகை விதை கொடுத்தார். குளிர் முழுதாக விடாத வசந்தத்தில், பால்கனித் தொட்டியில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் தூவினேன். ஐந்தாம் நாள் முளைத்தது. நான்காவது வாரம் விரல் நீள இலை. காரம் இதமாக, வேர்க்கடலை வாசனையோடு இருந்தது. குருத்தை விட்டு 3 சென்டிமீட்டர் மேலே நறுக்கினால் மறுபடி தழைக்கிறது.

ஆசை அதிகமாகிக் கோடை நடுவில் இன்னொரு தொட்டி விதைத்தேன். இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும் நாட்கள். இலை பெருகும் முன்பே தண்டு எழும்பிப் பூத்துவிட்டது. இலையை வாயில் வைக்க முடியவில்லை. தண்ணீர் போதவில்லையோ என்று ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். நீண்ட பகலும் வெப்பமும் சேர்ந்தால் இது பூக்கத்தான் பார்க்கும். அந்த வெளிச்சத்தில் எனக்கே தூக்கம் வராமல் திண்டாடிக்கொண்டிருந்தேன், செடியை என்ன சொல்ல? வெளிர் மஞ்சளில் கருஊதா நரம்போடிய பூக்களைப் பறித்துத் தின்றதுதான் மிச்சம்.

இலையெல்லாம் ஊசி குத்தியதுபோல ஓட்டை வேறு. தொட்டால் துள்ளும் 2, 3 மில்லிமீட்டர் வண்டின் வேலை. விதைத்த அன்றே மெல்லிய வலை போட்டு மூடியிருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் கோடை முடியும்போது, இரண்டு வாரத்துக்கு ஒரு சிட்டிகையாக விதைக்கிறேன். எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், உப்பு. அதையும் தட்டில் வைக்கும்போதுதான் கலப்பேன், முன்னாலேயே கலந்தால் துவண்டுவிடும். இந்த வருடம் காட்டு ராக்கெட்டும் போட்டிருக்கிறேன். ஒல்லி இலை, மஞ்சள் பூ, பல வருடம் நிற்கும் செடி. வளர்த்திதான் மெதுவு. இன்னும் கட்டைவிரல் உயரம் தாண்டவில்லை.