மீன்வாயில் பிரியும் ஆறு

ஏப்ரல் 5, 2019, வெள்ளி

சிங்மிங் விடுமுறை, சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் நாள். செங்டு நகர மாணவர் விடுதியில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. நேபாளத் தோழியும் தான்சானியா நண்பனும் நானும் நாளை துச்சியாங்யான் என்ற பழங்காலப் பாசன அமைப்பைப் பார்க்கப் போகிறோம். வகுப்பில் படமாக மட்டுமே பார்த்த இடம், தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 6, சனி

ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கும் கூட்டம்.

ஆன்லான் தொங்குபாலத்தில் நின்றதும் நண்பன் கேட்டான்: "அணை எங்கே?" ஆற்றை முழுக்க மறித்துக் கட்டிய பழைய சுவர் எதுவும் இல்லை. வெளியாற்றின் குறுக்கே தெரியும் மதகுகள்கூட 1974-இல் வந்தவை. கி.மு. 256 வாக்கில் ஷு பகுதியின் (இன்றைய சிச்சுவான்) ஆளுநர் லி பிங், மின் ஆற்றின் நடுவே கரை எழுப்பி ஆற்றை இரண்டாகப் பிரித்தார். அதன் முனைதான் மீன்வாய். உள்ளாறு ஆழமாகவும் குறுகலாகவும், வெளியாறு அகலமாகவும் மேடாகவும் இருக்கும். தண்ணீர் குறையும் காலத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் உள்ளாற்றில் இறங்கிப் பாசனத்துக்குப் போகிறது. வெள்ளம் வந்தால் கணக்கு தலைகீழ், பெரும்பங்கை வெளியாறு இழுத்துக்கொள்ளும். இதற்குக் கதவும் வேண்டாம், காவலும் வேண்டாம். ஆற்றின் வளைவைப் படித்தவர் செய்த வேலை. பாலத்தை விட்டு நகர மனமில்லாமல் நின்றேன்.

கரையை முதலில் கட்டியது மூங்கில் கூடைகளில் கூழாங்கல் நிரப்பி அடுக்கித்தானாம். கீழே பாவ்பிங்கோ வாய்க்கால், மலையையே வெட்டித் திறந்தது. வெடிமருந்து இல்லாத காலம். பாறையைத் தீயில் சூடாக்கி, தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்களாம். அகலம் சுமார் 20 மீட்டர். அந்த இடுக்கில் தண்ணீர் சீறுவதைப் பார்த்துத் தோழி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கால் வலி. லி பிங்குக்காக அங்கே எழுப்பிய எர்வாங் கோயிலின் படிகள் அப்படி.

2008 மே 12 நிலநடுக்கத்தில் அந்தக் கோயில் இடிந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. மீன்வாயில் விரிசல்தான் விட்டது, பாசனம் தொடர்ந்தது.

எனக்குக் கட்டுமானத்தைவிடப் பெரிதாகப் படுவது தூர்வாரும் முறை. "மணலை ஆழத் தோண்டு, கலிங்கைத் தாழக் கட்டு" என்று கோயிலில் பொறித்திருக்கிறார்கள் (கலிங்கு என்றால் மிகுநீர் வழிந்தோடும் தாழ்ந்த கரை). எவ்வளவு ஆழம் என்பதில் சண்டை வராதிருக்க, ஆற்றடியில் இரும்புத் தண்டுகளைப் புதைத்திருக்கிறார்கள். அவை தட்டுப்படும்வரை தோண்ட வேண்டும். அளவுகோலை ஆற்றுக்குள்ளேயே வைத்த இந்த ஏற்பாட்டை எங்கள் பாடத்தில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். செமினாருக்கு இதையே தலைப்பாகக் கேட்கப் போகிறேன்.