இனிஷியல் தின்ற மைல்கள்

வளைகுடாவுக்கு வேலைக்குப் போய், ஐந்து முறை கடலூருக்கு லீவில் வந்து திரும்பிய பிறகு, ஒரு விடுமுறை நாள் மதியம் பொழுது போகாமல் என் விமான மைல் கணக்கைத் திறந்து பார்த்தேன். பறக்கிறவர்களுக்கு விமான நிறுவனம் புள்ளி மாதிரி தருவதுதான் மைல், போதுமான அளவு சேர்ந்தால் டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம். பூஜ்யம். ஐந்து தடவை போக, ஐந்து தடவை வர, பத்து விமானம், அத்தனையும் ஒரே நிறுவனத்தில். தப்பான கணக்கைத் திறந்துவிட்டோமோ என்று வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். அதே பூஜ்யம்.

காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது. என் பெயரைக் குமார் என்றும் அப்பா பெயரை ராமசாமி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழில் நான் ஆர். குமார். பாஸ்போர்ட்டில் இனிஷியல் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும் என்றதால் கிவன் நேம் இடத்தில் குமார், சர்நேம் இடத்தில் ராமசாமி. விமான டிக்கெட்டில் சர்நேம்தான் முதலில் வரும், அதனால் 'ராமசாமி/குமார் எம்ஆர்'. கவுன்டரில் 'மிஸ்டர் ராமசாமி' என்று கூப்பிட்டபோது முதல் சில தடவை அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

மைல் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவர் லாரன்ஸ் ரோட்டில் எங்களுக்கு டிக்கெட் போடும் ஏஜென்ட். நல்ல மனிதர், காசு கூட வாங்கவில்லை. சான்றிதழில் உள்ளபடி முதல் பெயர் 'ஆர்', கடைசிப் பெயர் 'குமார்' என்று பதிந்துவிட்டார். ஒவ்வொரு டிக்கெட்டிலும் என் உறுப்பினர் எண்ணையும் மறக்காமல் போட்டார். ஆனால் விமான நிறுவனத்தின் கம்ப்யூட்டர் எண்ணோடு சேர்த்துப் பெயரையும் ஒப்பிடும். டிக்கெட்டில் சர்நேம் ராமசாமி, கணக்கில் குமார். யாரோ ஒருவரின் மைலை இன்னொருவர் கேட்கிறார் என்று அது ஒதுக்கிவிட்டது. ஒதுக்கியதை யாருக்கும் சொல்லவும் இல்லை.

சரி, பெயரைத் திருத்திவிடலாம் என்று இறங்கினேன். இணையத்தில் அதற்கு ஒரு படிவம். பெயர் மாற்றக் காரணம் என்ன என்று கேட்டு மூன்று வழிதான் கொடுத்திருந்தார்கள்: திருமணம், விவாகரத்து, எழுத்துப்பிழை. முதல் இரண்டும் எனக்குப் பொருந்தாது என்பதால் எழுத்துப்பிழையைத் தட்டினேன். நான்கு நாளில் பதில்: மூன்று எழுத்துக்கு மேல் மாறினால் அது பிழை ஆகாது, முடியாது. அரட்டைப் பெட்டியில் வந்த ஊழியர், பேசாமல் புதுக் கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள் என்றார். நல்லவேளை, அதைச் செய்யவில்லை. ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்பது ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் உள்ள விதி. இரண்டு இருந்தால் பிறகு இணைப்பதற்கு ஒரு தனிப் போராட்டம்.

மூன்றாவது முயற்சியில் மின்னஞ்சலில் ஒரு கடிதமே எழுதினேன். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலும் கிடையாது, தகப்பனார் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்வோம், அந்த 'ஆர்' தான் இந்த ராமசாமி என்று ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை மாதிரி விளக்கி, பாஸ்போர்ட்டின் இரண்டு பக்கங்களையும் பள்ளிச் சான்றிதழையும் இணைத்தேன். பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தகப்பனார் பெயர் என்று தனியாக ஒரு வரி இருப்பது அன்றைக்குக் கைகொடுத்தது. படிவம் போட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் 24 நாள் கழித்துப் பெயர் மாறியது.

அப்புறம் விட்டுப்போன மைல்களைக் கேட்டு வாங்கும் வேலை. இதற்குக் கெடு உண்டு, பல நிறுவனங்களில் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதம். என் கடைசிப் பயணம் மட்டும் அதற்குள் வந்தது. மற்ற நாலும் கோவிந்தா.

அந்த ஒன்றைக் கேட்பதற்கும் டிக்கெட் எண் வேண்டும் என்றார்கள். நான் ஆறு எழுத்துள்ள பி.என்.ஆரை, அதாவது முன்பதிவுக் குறியீட்டை, அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். அது இல்லையாம். டிக்கெட் எண் என்பது 13 இலக்கம். முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் அடையாளம்: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618 என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பி.டி.எஃப்.பில் ஒரு மூலையில் சின்னதாக இருக்கும். கூடவே போர்டிங் பாஸும் கேட்டார்கள். திரும்பி வந்ததற்கான துண்டு என் பையிலேயே இருந்தது. ஊருக்கு வந்ததற்கானது திருப்பாதிரிப்புலியூர் வீட்டில். அம்மாவுக்கு போன் செய்தால், "நீ குடுத்த சீட்டெல்லாம் பெருமாள் படத்துக்குப் பின்னாலதான்டா சொருகி வெச்சிருக்கேன்" என்றார். தம்பியை விட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னேன். ஐந்து பயணத்துத் துண்டுகளும் இருந்தன. பழைய நாலும் வெறும் வெள்ளைத்தாள். சூட்டில் அச்சாகும் காகிதம் அது. கடலூர் வெயிலுக்கும் சாமி விளக்குச் சூட்டுக்கும் எழுத்து நிற்குமா? கடைசித் துண்டு மட்டும் சாம்பல் நிறத்தில் படிக்கிற மாதிரி இருந்தது. இப்போதெல்லாம் விமானத்தில் உட்கார்ந்தவுடன் முதல் வேலையாகப் போர்டிங் பாஸைப் படம் எடுத்துவிடுகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் என்ன நினைத்தாலும் சரி.

வந்த மைல் எவ்வளவு என்று பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. சென்னைக்கும் துபாய்க்கும் வான்வழித் தூரம் சுமார் 1,800 மைல். அவ்வளவும் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். இருப்பதிலேயே மலிவான கட்டணத்தில் வாங்கிய டிக்கெட்டுக்கு அதில் ஒரு சிறு பங்குதான். பறந்த தூரம் வேறு, கணக்கில் ஏறும் மைல் வேறு. டிக்கெட்டின் வகையை வைத்து எடை போடும் நிறுவனங்கள் உண்டு, கொடுத்த பணத்தை வைத்தே போடும் நிறுவனங்களும் உண்டு.

அந்த ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோது புதுச்சேரி நண்பர் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை, நண்பர் பாரிஸில் வேலை. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து என் பெயர்ப் புராணத்தைச் சொன்னேன். "எங்களுக்கு அந்தத் தலைவலி 1881லயே தீர்ந்துபோச்சு" என்று சிரித்தார். விளையாட்டுப் பேச்சில்லை. அந்த வருடம் செப்டம்பரில் வந்த ஆணைப்படி, சொந்த சாதி சமய வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்த புதுச்சேரிக்காரர்கள் தங்களுக்கென ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மாற்றத்துக்கு முன்னணியில் நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' என்று எடுத்துக்கொண்டார். இன்றைக்கு விமான டிக்கெட்டின் சர்நேம் கட்டத்தில் அந்தக் குடும்பங்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி கடலூரில் பிறந்த நான் அப்பா பெயரைத் தூக்கிக்கொண்டு ஊழியர் ஊழியராக விளக்கம் சொல்கிறேன்.

உருப்படியான பேச்சும் அவரிடம்தான் கிடைத்தது. அவர் வைத்திருப்பது ஏர் பிரான்ஸ், கே.எல்.எம். இரண்டுக்கும் பொதுவான ஃப்ளையிங் ப்ளூ என்ற மைல் திட்டம். அடிநிலை உறுப்பினருக்கு ஒரு யூரோவுக்கு நான்கு மைல். 24 மாதத்துக்குள் அந்த நிறுவனங்கள் சேர்ந்திருக்கும் விமானக் கூட்டணியில் ஒருமுறையாவது பறந்துவிட்டால் மொத்த இருப்பும் இன்னொரு 24 மாதத்துக்கு நீளும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் அப்படி இல்லை, அடிநிலை உறுப்பினர் சேர்த்த ஒவ்வொரு மைலுக்கும் மூன்று வருடம், நடுவில் எத்தனை முறை பறந்தாலும் பழசு பழசுதான். எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸிலும் மூன்று வருடக் கணக்கு, ஆனால் காலாவதி உங்கள் பிறந்த மாதக் கடைசியில். கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ் இரண்டும் மைலுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஏவியோஸ் என்ற புள்ளிகள் 36 மாதம் அசைவே இல்லாமல் கிடந்தால்தான் போகும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஊருக்கு வருகிற என் போன்றவனுக்கு எந்தத் திட்டம் அதிகம் தருகிறது என்பதை விட எது மெதுவாகச் சாகிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அவர் சொன்ன இன்னொன்று: பறக்கிற நிறுவனத்திலேயே மைலைப் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. கூட்டணிக்குள் எந்தக் கணக்கிலும் போடலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் ஏர் இந்தியா 2014இலேயே சேர்ந்துவிட்டதால், தகுதியான டிக்கெட்டாக இருந்தால் அதில் பறந்துவிட்டு சிங்கப்பூர்க் கணக்கில் மைல் ஏற்றலாம். ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான். எண்ணைப் போட மறந்தால் செக்-இன் கவுன்டரில்கூடச் சொல்லிச் சேர்க்கலாம்.

இதையெல்லாம் கேட்ட பிறகு, ஆஃபர் கண்ட இடத்திலெல்லாம் திறந்து வைத்திருந்த நான்கு கணக்குகளில் இரண்டை மறந்தேன். மைலுக்காக அதிகம் கொடுத்து டிக்கெட் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தேன். மலிவு விமானம் ஐயாயிரம் ரூபாய் குறைவென்றால் அதில்தான் வருகிறேன். கிரெடிட் கார்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறினேன். வாடகை போக மற்ற செலவெல்லாம் மைல் தரும் ஒரே கார்டில், மாதக் கடைசியில் பாக்கி வைக்காமல் முழுதாகக் கட்டிவிடுவது. அங்கே கார்டு வட்டி மாதத்துக்கே மூன்று சதவீதத்துக்கு மேல் போகும். ஒரு மாதம் பாக்கி விட்டால் மூன்று மாத மைல் அதிலேயே கரைந்துவிடும். என் அறைத் தோழர் ஒருவர் மைலுக்காகக் கார்டு எடுத்து வட்டிக்காக ஓவர்டைம் பார்த்தார்.

இரண்டரை வருடத்தில் அம்மாவைக் கூட்டிவர ஒரு வழி டிக்கெட்டுக்கான மைல் சேர்ந்தது. மைல் டிக்கெட் என்றால் இலவசம் என்று நான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். வரியும் கூடுதல் கட்டணமும் கையிலிருந்துதான். மொத்த டிக்கெட் விலையில் அது கணிசம். ஆகவே பணம் கொடுத்து வாங்கினால் என்ன விலை என்று பக்கத்திலேயே வைத்துப் பார்க்காமல் மைலைத் தட்டக்கூடாது. மலிவான மாதத்தில் மைலை வீணடிப்பதை விடப் பள்ளி விடுமுறை நேரத்தில் பயன்படுத்துவதுதான் லாபம். ஆனால் அந்த நேரத்துக்கு மைல் இருக்கைகள் முதலிலேயே போய்விடும். மே மாதத்துக்கு நான் முந்தின ஜூனிலேயே உட்கார்ந்து தேடினேன். அம்மா வருவதற்குக் கிடைத்தது, திரும்பிப் போவதற்குக் கிடைக்கவே இல்லை.

பெயர்ப் பூதம் இங்கேயும் வந்து நின்றது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், சர்நேம் இடம் காலி. நம் ஊர் அம்மாக்களில் பலருக்கு அப்படித்தான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயருள்ளவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்து எல்லார் வயிற்றிலும் புளியைக் கரைத்தது. இரண்டு மூன்று நாளில் விளக்கம் வந்தது: பாஸ்போர்ட்டின் அடுத்த பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும். அம்மாவுக்கு இருந்தது. எனக்குக் கைகொடுத்த அதே பின்பக்க வரி.

டிக்கெட்டில் மட்டும் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட முடியாது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு ஏதாவது குறியீடு வைத்திருக்கும். நானாக யூகிக்காமல் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொன்னபடியே டிக்கெட் போட்டேன். அம்மாவுக்கும் ஒரு கணக்கு தொடங்கி அதே எழுத்து, அதே வரிசையில் பெயரைப் பதிந்தேன். ஏஜென்ட்டிடம் விடவில்லை. அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

யாருக்காக மைலைப் பயன்படுத்தலாம் என்பதையும் முன்னாலேயே பார்த்துக்கொள்வது நல்லது. கிரிஸ்ஃப்ளையரில் உங்களைத் தவிர ஐந்து பேரைப் பதிந்து வைத்து அவர்களுக்குத்தான் எடுக்க முடியும். ஸ்கைவார்ட்ஸில் எட்டுப் பேர் வரை குடும்பக் கணக்காகச் சேர்ந்து மைலை ஒரே பானையில் போடலாம். என்னுடையதில் அம்மா பெயரைச் சேர்க்க உறவுச் சான்று கேட்டார்கள். மறுபடியும் பாஸ்போர்ட்தான் அனுப்பினேன். என் பாஸ்போர்ட்டில் தாயார் பெயர் வரி இருக்கிறதல்லவா.

அம்மா ஒரு கையில் முந்திரிப் பொட்டலம், இன்னொரு கையில் பண்ருட்டிப் பலாச்சுளை டப்பாவோடு வந்து இறங்கினார். சுளை வாசனை வெளியே நின்ற எனக்கே வந்தது. அடுத்த வாரம் கணக்கைத் திறந்து காட்டச் சொன்னார். பூஜ்யம். "எனக்கும் இனிஷியல் பிரச்சனையா?" என்றார். மைல் கொடுத்து வாங்கிய டிக்கெட்டுக்கு மைல் ஏறாது என்று சொன்னதும், இதென்ன கணக்கு என்கிற மாதிரி பார்த்தார். திரும்பிப் போனது காசு கொடுத்து வாங்கிய டிக்கெட். சென்னையில் இறங்கி, கடலூர் போகும் காரில் ஏறி திண்டிவனம் தாண்டும்போதே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: அம்மாவின் போர்டிங் பாஸ், விரல் மறைக்காமல், பெயரும் 13 இலக்க எண்ணும் தெளிவாகத் தெரிய.