வெள்ளவத்தைக் கால்வாயும் கடல்வாயும்

ராத்திரி முழுக்க மழை. காலையில் கொழும்பு வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் நின்று பார்த்தேன். ஆகாயத்தாமரை, யோகட் கோப்பை, ஒற்றைச் செருப்பு எல்லாம் கடலைப் பார்த்துப் போகின்றன. கடல்வாயில் மணல் திட்டு ஏறிவிட்டால் அதுவும் போகாது; மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து அள்ளினால்தான் தண்ணீருக்கு வழி.

கொழும்பின் மழைநீர் வெளியேற இருப்பதே சில வாசல்கள்தான்: வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம், வடக்கே களனி கங்கை. களனி நிரம்பி வந்தால் அந்தப் பக்கத்துக் கதவை மூடியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆறு நகருக்குள் வந்துவிடும். அப்போது உள்ளே பெய்த மழை எங்கே போய் நிற்கும்? சதுப்பு நிலத்தில். அதைத்தான் நாங்கள் மண் போட்டு நிரப்பி, காணி என்று விற்று, 'லேக் வியூ' என்று பெயரும் வைத்தோம்.

2010 நவம்பரில் கோட்டே நாடாளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் போனது. 2012இல் உலக வங்கிக் கடனோடு கால்வாய்த் திட்டம் வந்தது. கரை கட்டினார்கள், நடைபாதை போட்டார்கள். நல்லதுதான், பின்னேரத்தில் நடக்கவும் நன்றாக இருக்கிறது. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்புக்கு 'ராம்சார் ஈரநில நகரம்' என்ற பட்டமும் கிடைத்தது. என்னைக் கேட்டால் கரைக்குக் கல் பதிப்பதைவிட, மிச்சமிருக்கும் சதுப்பில் ஒரு டிப்பர் மண்கூட விழாமல் பார்ப்பதுதான் அவசரம்.

அப்புறம், அந்த யோகட் கோப்பையைப் போட்டவர் யாரோ, தயவுசெய்து!