பட்டம் இல்லாமல் மனநல உதவியாளர் ஆனது: பயிற்சி அனுபவம்

என் தொழில் கணக்கு எழுதுவது. மனநலத் துறையில் எந்தப் பட்டமும் வாங்கியதில்லை. ஆனாலும் இப்போது, மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் அல்லாடுகிறவர்களோடு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசும் பயிற்சி பெற்ற உதவியாளராக இருக்கிறேன். "படிக்காதவங்க இதைச் செய்யலாமா?" என்று கேட்காத நண்பர்கள் குறைவு. நானும் அதே கேள்வியோடுதான் பயிற்சியில் சேர்ந்தேன். செய்யலாம். ஆனால் நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது, அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஏற்பாடு வேண்டும். நான் பார்த்த ஏற்பாட்டை எழுதினால், இதில் இறங்க நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

முதல் நாளே பயிற்சியாளர் ஓர் எண்ணைச் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 மனநல அட்லஸ் அறிக்கைப்படி, உலக அளவில் 1 லட்சம் பேருக்குச் சுமார் 13 மனநலப் பணியாளர்கள்தான் இருக்கிறார்கள். அதிலும் பெரும்பகுதி பணக்கார நாடுகளில். இன்னும் எத்தனை மனநல மருத்துவர்களை உருவாக்கினாலும் இந்த இடைவெளி சீக்கிரம் அடைபடாது. அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிக்கலான நோய்களை நிபுணர்கள் பார்க்கட்டும், மிதமான மனச்சோர்வையும் பதற்றத்தையும் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் முதலில் கையில் எடுக்கட்டும் என்பதுதான் யோசனை.

இது வெறும் ஆசை இல்லை என்பதற்கு அவர் ஜிம்பாப்வேயைக் காட்டினார். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரேயில் தொடங்கிய 'ஃபிரண்ட்ஷிப் பெஞ்ச்' திட்டம் அது. சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்ச் போட்டிருக்கும். அதில் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் உட்கார்ந்து, வருகிறவரோடு ஒரு பிரச்சினையை எடுத்துப் படிப்படியாகப் பேசி வழி தேடுவார்கள். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்தது. பாட்டிமார்களிடம் பேசியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மனச்சோர்வின் அறிகுறிகள் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. எனக்கு அந்தப் பெஞ்ச்தான் மனதில் நின்றது. உள்ளே போய் டோக்கன் வாங்க வேண்டாம், பலகை மாட்டிய அறைக்கு முன்னால் எல்லோரும் பார்க்கக் காத்திருக்க வேண்டாம். எங்கே உட்கார வைக்கிறோம் என்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

நாங்கள் கற்றது உலக சுகாதார நிறுவனத்தின் 'ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' என்ற முறை. சுருக்கமாக பி.எம். பிளஸ் என்பார்கள். வாரம் ஒன்றாக மொத்தம் ஐந்து சந்திப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். மூச்சை நிதானமாக்கிப் பதற்றத்தைத் தணிப்பது, பிரச்சினையைக் கையாள்வது, முடங்கிப்போன அன்றாடத்தைத் திரும்ப இயங்க வைப்பது, துணைக்கு ஆட்களைச் சேர்த்துக்கொள்வது என்று நான்கு உத்திகள். கடைசிச் சந்திப்பில் இதையெல்லாம் எப்படித் தொடர்வது என்று பேசுவோம். பாகிஸ்தானின் பெஷாவரிலும் கென்யாவின் நைரோபியிலும் சோதித்துப் பலன் கண்ட முறை இது. புத்தகத்தில் படித்தால் எல்லாமே எளிதாகத்தான் தெரியும்.

ரோல் பிளே தொடங்கியதும்தான் கஷ்டம் புரிந்தது. ஒருவர் உதவி தேடி வந்தவராக நடிப்பார், இன்னொருவர் உதவியாளர், மூன்றாமவர் மதிப்பெண் போடுவார். மதிப்பெண் போடுவதற்கு 'எனாக்ட்' என்று ஒரு கருவி. நேபாளத்தில் உருவாகி, இப்போது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் 'ஈக்விப்' பயிற்சித் தளத்தில் இருக்கிறது. 15 திறன்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை. இதில் 1 என்றால் 'இப்படிப் பேசினால் எதிரே இருப்பவருக்குக் கேடு விளையலாம்' என்று அர்த்தம். என்னை உலுக்கியது இதுதான். குறுக்கே பேசுவது, குற்றம் சொல்வது மட்டுமல்ல, நடக்க வழியில்லாத நம்பிக்கையைக் கொடுப்பதும் கேடுதான். "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்பதை ஆறுதலாகத்தானே நாம் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம்? கேட்கிறவர் அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

அறிவுரையும் அப்படித்தான். பி.எம். பிளஸில் உதவியாளர் தீர்வு சொல்லக் கூடாது. வந்தவர் தன் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி, தீர்க்கக்கூடியது எது, நம் கையில் இல்லாதது எது, இப்போதைக்கு முக்கியமில்லாதது எது என்று பிரிக்க உதவ வேண்டும். அதில் ஒன்றை எடுத்து, நல்லதோ கெட்டதோ தோன்றுகிற வழிகளையெல்லாம் அவரையே சொல்ல வைத்து, அதிலிருந்து இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையை அவரையே தேர்ந்தெடுக்க விட வேண்டும். நாம் சொல்லும் தீர்வு நம் வாழ்க்கைக்குத்தான் பொருந்தும் என்பதை ரோல் பிளேயில் பார்த்துப் பார்த்துதான் உணர முடிந்தது.

அப்புறம் கேள்வித்தாள். பிஹெச்க்யூ-9 என்பது மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, உடம்பு சோர்ந்ததா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுவோம். அதிகபட்சம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. அதை வாய்விட்டுக் கேட்கவே எங்களில் பலருக்கு நாக்கு எழவில்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம். நேராகக் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன என்று பயிற்சியாளர் பொறுமையாக விளக்கினார். குரலைத் தாழ்த்தாமல், கண்ணைத் திருப்பாமல், மற்ற எட்டுக் கேள்விகளைப் போலவே அதையும் கேட்க எங்களைப் பழக்கினார். பயிற்சியிலேயே மிகவும் பயனுள்ள பகுதி அதுதான் என்பேன்.

பிறகு உண்மையான சந்திப்புகள் தொடங்கின. நான் சந்தித்தவர்களைப் பற்றி அடையாளம் தெரியும்படி எதையும் எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லலாம். பேச வேண்டும் என்று ஒருவர் முடிவெடுப்பதற்கும் முதல் ஆளைச் சந்திப்பதற்கும் நடுவில்தான் நிறையப் பேர் நழுவிப் போகிறார்கள். எங்கள் திட்டத்தை வடிவமைத்தவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். மருத்துவரின் சீட்டு தேவையில்லை, நேராகப் போன் செய்யலாம். அழைப்பு தவறினால் அன்றைக்கே திரும்பக் கூப்பிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரம் உண்டு. படிக்கச் சிரமப்படுகிறவருக்குக் கேள்விகளை வாசித்துக் காட்டுவோம். அறைக்கு வெளியே மனநலம் என்று பலகை கிடையாது. சொன்ன நாளில் வராதவரை ஏன் வரவில்லை என்று குடைய மாட்டோம், "அடுத்து எப்போ வசதிப்படும்?" என்று மட்டும் கேட்போம். கேட்க எல்லாம் சின்ன விஷயங்கள்தான். ஆனால் படுக்கையை விட்டு எழுவதே பாடாக இருக்கிற ஒருவருக்கு ஒவ்வொரு கூடுதல் படியும் மலைதான்.

இங்கிலாந்தில் 2008இல் தொடங்கிய பேச்சு சிகிச்சைத் திட்டத்திலும் குடும்ப மருத்துவர் வழியாக வராமல் நேரடியாகவே பதிவு செய்துகொள்ளலாம். லேசான பாதிப்புக்கு வழிகாட்டலோடு சுயமாகச் செய்யும் பயிற்சிகள், தேவைப்பட்டால் அடுத்த படி. வசதியுள்ள நாட்டிலும் வாசற்படியைத் தாழ்த்த வேண்டியிருந்திருக்கிறது.

எங்களைத் தாங்கிப் பிடித்தது வாராந்திர மேற்பார்வைக் கூட்டம். மனநலத்தில் தேர்ந்த ஒருவர் முன்னால் ஒவ்வொருவரும் அந்த வாரச் சந்திப்பைப் பற்றிப் பேசுவோம். எங்கே திணறினோம், எதைத் தவறவிட்டிருக்கலாம், யாரை நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். தற்கொலைக்குத் திட்டம் வைத்திருப்பவர், இல்லாத குரல் கேட்பவர், மதுவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்கு ஐந்து சந்திப்பு போதாது, அவர்கள் மருத்துவரிடம் போக வேண்டும். முகவரி எழுதிய சீட்டைக் கையில் திணித்து அனுப்பிவிட மாட்டோம். அவர் எதிரிலேயே போன் போட்டு, நேரம் குறித்து, சம்மதம் கேட்டு விவரம் சொல்லிவிட்டுத்தான் விடைகொடுப்போம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே மேற்பார்வையாளரைக் கூப்பிடுவோம். அடுத்தவரின் துயரம் என்னோடு வீட்டுக்கு வந்த வாரங்களிலும் அதே கூட்டத்தில்தான் இறக்கி வைத்தேன்.

இப்படியொரு திட்டத்தில் தன்னார்வலராகச் சேர யாராவது யோசித்தால், சேரும் முன்பு சில கேள்விகளை நேராகக் கேளுங்கள். பயிற்சிக்குப் பிறகு மேற்பார்வை உண்டா, எவ்வளவுக்கு ஒருமுறை, யார் செய்வார்கள்? நாம் பேசும் விதத்தை நடித்துக் காட்டச் சொல்லிச் சோதிப்பார்களா, அல்லது வகுப்பில் உட்கார்ந்தாலே சான்றிதழா? நடுச் சந்திப்பில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னால் அந்த நிமிடமே நாம் அழைக்க வேண்டிய ஆள் யார்? கடைசிக் கேள்விக்கு ஒரு பெயரும் எண்ணும் பதிலாகக் கிடைக்காத இடத்தில் சேர வேண்டாம்.