டியூட்டியில் பம்ப் வைத்துத் தாய்ப்பால் எடுக்கும் நர்ஸ் சிஸ்டர்களுக்கு

காலை எட்டு முதல் இரண்டு வரை ஷிஃப்ட். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வந்து போகிற சிஸ்டர் வீடு திரும்ப ஒன்பது, பத்து மணி நேரமாவது ஆகும். ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரை குழந்தை ஒரு நாளில் சுமார் 750 மி.லி. குடிக்கும். மணிக்கு 30 மி.லி. என்று வைத்தால் வீட்டில் 300 மி.லி. இருந்தால் போதும். ஃப்ரீசர் நிறையச் சேர்க்கவேண்டும் என்ற பயம் வேண்டாம்.

கிளம்பும்போது குழந்தைக்கு நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். பிறகு சுமார் மூன்று மணி நேரத்துக்கொருமுறை எடுக்கவேண்டும்: பத்து மணி மருந்து கொடுத்து முடிந்ததும் ஒருமுறை, அடுத்த ஷிஃப்ட்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடிந்து ஒருமுறை. இரவு டியூட்டி பன்னிரண்டு மணி நேரம் என்றால் மூன்று, நான்கு முறை. "எல்லா வேலையும் முடிச்சிட்டு எடுத்துக்கறேன்" என்று தள்ளுவதுதான் பாலைக் குறைக்கிறது. மார்பு நிறைந்தே கிடந்தால் சுரப்பு தானாக மெதுவாகும். பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இரவில் கூடுதல் என்பதால் அந்த நேரத்தில் எடுப்பதை விடவே விடாதீர்கள்.

டியூட்டி ஏற்கும்போதே சொல்லிவிடுங்கள்: "சிஸ்டர், பத்தே முக்காலுக்கு இருபது நிமிஷம் போயிட்டு வரேன், அஞ்சாம் பெட்டை மட்டும் பாத்துக்கங்க." இது யாரும் போடும் பிச்சை இல்லை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு போக, நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு.

பால் வற்றிவிட்டது என்று பூண்டுக்கும் வெந்தயத்துக்கும் ஓடும் முன் பம்பின் வால்வைப் பாருங்கள். வாத்து அலகு போன்ற அந்தச் சின்ன ரப்பரை வெளிச்சத்தில் பிடியுங்கள். நுனிக் கீறல் ஒட்டி மூடியிருக்கவேண்டும். நூலிழை வெளிச்சம் தெரிந்தாலும் காற்று கசிகிறது என்று அர்த்தம். மோட்டார் சத்தம் அப்படியே இருக்கும், பால் மட்டும் சொட்டும். தினம் மூன்று, நான்கு முறை எடுப்பவர்கள் ஒன்று, இரண்டு மாதத்துக்குள் மாற்றுவது நல்லது. கீறலுக்குள் பிரஷ் விட்டுத் தேய்த்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். கைப்பையில் உபரியாக ஒன்று இருக்கட்டும்.

அடுத்தது மார்பில் வைக்கும் புனல். பெட்டியோடு பெரும்பாலும் 24 மி.மீ.தான் வரும். காம்பின் விட்டத்தை மட்டும் அளந்து, அதே அளவோ 3 மி.மீ. வரை கூடுதலோ வாங்குங்கள். பெரிதானால் கருவட்டமும் உள்ளே இழுபட்டு வீங்கும், சிறிதானால் காம்பு உரசிப் புண்ணாகும்.

முதல் இரண்டு நிமிடம் வேகமான, மென்மையான இழுப்பு. பால் இறங்கியதும் மெதுவான, ஆழமான இழுப்பு. வலிக்கும் அளவுக்குக் கூட்டினால் பால் அதிகம் வராது, இறங்குவதே நின்றுபோகும். பதினைந்து நிமிடம் ஆனதும் கையால் ஒரு நிமிடம் பீய்ச்சிப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் வரும். ரப்பர் பந்தை அமுக்கும் பம்பை வாங்காதீர்கள். பந்துக்குள் போன பாலைக் கழுவி எடுக்கவே முடியாது.

வார்டு சிங்க்கில் பம்பின் பாகங்களை வைக்கவேண்டாம். தனி பேசின் வையுங்கள், அல்லது இரண்டு செட் கொண்டுபோங்கள். டியூபைக் கொதிக்கவைக்கக் கூடாது. ஈரம் தெரிந்தால் சில நிமிடம் மோட்டாரை ஓடவிட்டால் காயும்.

எடுத்த பால் 25 டிகிரிக்குள் நான்கு மணி நேரம் தாங்கும். ஏப்ரல் மத்தியானத்தில் அதை நம்பவேண்டாம், உடனே குளிரில் வையுங்கள். தடுப்பூசி ஃப்ரிட்ஜில் மட்டும் கூடவே கூடாது: அடிக்கடி கதவு திறந்தால் 2 முதல் 8 டிகிரி தவறி மருந்து கெடும். நன்றாக உறைந்த ஐஸ் பேக் போட்ட பையில் 24 மணி நேரம் இருக்கும், பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலையும் தாண்டிவிடும். குளிர்ந்த பாலோடு சூடான பாலைச் சேர்க்காதீர்கள்.

பால் கட்டிக்கொண்டால் முரட்டுத்தனமாகப் பிசையவேண்டாம், கூடுதலாக எடுக்கவும் வேண்டாம். குளிர் ஒத்தடம் கொடுத்து வழக்கம்போல ஊட்டுங்கள். காய்ச்சலும் சிவப்பும் வந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடமோ அத்தையிடமோ சொல்லவேண்டியது: ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை வைக்கலாம். மேலே மிதக்கும் ஆடை கெட்டதல்ல, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைக்காமல் வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை இறக்கிவையுங்கள். மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், வாய் வைத்து மிஞ்சியது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.