22 மில்லிமீட்டர்

தஞ்சாவூரில் ஒரு தனியார் லேபில், கிருமிகளை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பிரிவில் இருக்கிறேன். சேர்ந்த புதிதில் ரத்தக் கல்ச்சரில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை வந்தால் "கேண்டிடா வளர்ந்துள்ளது" என்று எழுதி அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். கேண்டிடாவில் எந்த இனம் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள், நாங்களும் சொல்ல மாட்டோம். க்ரூசி என்ற இனத்துக்குப் பிறவியிலேயே ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கேட்காது என்பது தெரிந்தபிறகு அந்த ஒற்றை வரி ரிப்போர்ட்டுகளை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் வந்த மேடம்தான் மருந்து ஊறிய காகித வில்லையான டிஸ்க் வைக்கச் சொல்லிக்கொடுத்தார். குளுக்கோஸும் மெத்திலீன் நீலமும் சேர்த்த முல்லர் ஹின்டன் அகார் என்ற வளர்ப்புக் கூழ், அதில் ஈஸ்டைப் பரப்பி 25 மைக்ரோகிராம் ஃப்ளூகோனசோல் டிஸ்க், மறுநாள் காலையில் டிஸ்க்கைச் சுற்றி வளர்ச்சி குறைந்திருக்கிற வட்டத்தை அளக்க வேண்டும். பாக்டீரியா மாதிரி ஓரம் வெட்டினாற்போல் இருக்காது, வட்டத்துக்குள்ளேயும் பொடிப்பொடியாகக் காலனிகள் தெரியும். "அந்தப் பொடியைப் பார்க்காதே, வளர்ச்சி சட்டென்று குறைகிற இடத்தைப் பார்" என்பார். அந்தக் கண் பழக எனக்கு மூன்று மாதம் ஆனது.

அந்த மருந்து ஈஸ்டைக் கொல்வதில்லை. எர்கோஸ்டெரால் இல்லாமல் அதன் செல்சவ்வு நிற்காது, அதைத் தயாரிக்கிற ஒரு நொதியை மருந்து முடக்கிவிடும், வளர்ச்சி நின்றுபோகும். எங்கள் அப்பா குறுவையில் இலை உறைக் கருகலுக்கு அடிக்கிற ஹெக்சகோனசோலும் பூஞ்சையில் அதே நொதியைத்தான் பிடிக்கிறது. தெளிப்பானைக் கழுவி வாய்க்கால் கரையில் அவர் கவிழ்த்து வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் லேபில் இருக்கிற டிஸ்க் டப்பாதான் ஞாபகம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐசியூவில் பல நாளாக இருந்த ஒரு பெரியவரின் ரத்தம். இனத்துக்கு ஒரு நிறம் காட்டுகிற குரோம் அகாரில் நீல நிறக் காலனி, ட்ராபிகாலிஸ் என்ற கேண்டிடா இனம். நம் நாட்டு ஐசியூக்களில் அல்பிகன்ஸ் என்ற இனத்தைவிட இதுதான் அதிகம் வருகிறது. டிஸ்க் வட்டம் 22 மில்லிமீட்டர். 17 இருந்தாலே போதும், அதனால் மருந்து கேட்கும், சென்சிடிவ் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். நான்காம் நாள் டாக்டர் போன் செய்தார். "சென்சிடிவ்னு கொடுத்தீங்களேம்மா, காய்ச்சல் இறங்கவே இல்லையே."

பதறிப்போய்த் திரும்ப டிஸ்க் வைத்தேன். அதே 22. அன்று வந்த ரத்தத்திலும் அதே ஈஸ்ட். மேடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு கண்ணாடிக் குழாயில் குளுக்கோஸ் கூட்டிய சபரோ என்ற வளர்ப்புத் திரவத்தை ஊற்றி அந்த ஈஸ்டைப் போட்டு வைத்தார். மறுநாள் திரவத்தைக் கொட்டிவிட்டு சாஃப்ரனின் சாயம் ஊற்றிக் கழுவினார். அடியிலும் சுவரிலும் சிவப்பாக ஒரு படலம், குளத்துப் படிக்கட்டில் பாசி பிடித்த மாதிரி, எவ்வளவு கழுவியும் போகவில்லை. பயோஃபிலிம். அகாரில் தனித்தனியாகப் பரவிக் கிடக்கிற ஈஸ்டைத்தான் டிஸ்க் அளக்கிறது. கழுத்து ரத்தக்குழாயில் போட்டிருக்கிற லைனின் குழாயான கதீட்டருக்குள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலம் கட்டிவிட்டால் அதே ஈஸ்டுக்கு அதே மருந்து பல மடங்கு கொடுத்தாலும் உறைக்காது. மருந்துக்கு அடங்குவது ஒன்று, உடம்பில் பிடித்து நிற்கிற வீரியம் வேறொன்று. நான் முதலாவதை மட்டும் அளந்துவிட்டு இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

டாக்டரிடம் சொன்னோம். கழுத்து லைனை எடுத்துவிட்டு மருந்தை வேறு வகைப் பூஞ்சை மருந்தான மைகாஃபன்ஜினுக்கு மாற்றினார்கள். எடுத்த கதீட்டர் நுனியை அகாரில் உருட்டினேன், உருட்டிய தடம் முழுக்க நீலக் காலனி. அதற்கடுத்த ரத்தக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. அந்த நாளிலிருந்து 14 நாள் மருந்து ஓடியது, பெரியவர் வீட்டுக்குப் போனார்.

இப்போது ரத்தத்தில் ஈஸ்ட் தெரிந்தால் ரிப்போர்ட் அடிப்பதற்கு முன்னாலேயே வார்டுக்குப் போன் போட்டுவிடுகிறேன். முதல் கேள்வி, "லைன் போட்டு எத்தனை நாள் ஆச்சு சிஸ்டர்?"