பெயருக்குப் பின்னால் நிற்கும் 'தட்'

ஆங்கிலத்தில் ஃபேக்ட், பிலீஃப், கிளெய்ம், நியூஸ் போன்ற கருத்துப்பெயர்களை அடுத்து 'தட்' என்று தொடங்கும் துணைவாக்கியம் வரும்போது, அந்தப் பெயரின் உள்ளடக்கம் முழுவதையும் அதுவே சொல்லிவிடுகிறது. தமிழில் 'அவர் வந்துவிட்டார் என்ற செய்தி' என உள்ளடக்கம் முன்னே வரும். ஆங்கிலத்திலோ பெயர் முதலில் வந்து காத்திருக்கும். மொழியியலாளர் ஹான்ஸ் யோர்க் ஷ்மிட் இவ்வகைப் பெயர்களை 'ஷெல் நவுன்' என்றார். பெயர் வெறும் ஓடு, 'தட்' கொண்டுவருவதே பருப்பு என்பதால் எனக்கு அது மிகப் பொருத்தமாகவே படுகிறது.

குழப்பம் எழுவது இங்கேதான்: பெயருக்குப் பின் வரும் 'தட்' எல்லாம் இவ்வகை அல்ல. 'தி நியூஸ் தட் ஹி பிராட்' என்றால் 'அவர் கொண்டுவந்த செய்தி'. பிராட் என்ற வினைக்குரிய செயப்படுபொருள் 'தட்'டுக்குப் பின் இல்லை, 'தட்' இருக்குமிடத்தில் 'விச்' போடலாம். 'தி நியூஸ் தட் ஹி ஹேட் அரைவ்ட்' ('அவர் வந்துவிட்டார் என்ற செய்தி') என்பதிலோ 'தட்'டுக்குப் பின்வரும் பகுதி தனியே நிற்கக்கூடிய முழு வாக்கியம். அங்கே 'விச்' செல்லாது.

இலக்கணத்தைவிட என்னை ஈர்ப்பது, பெயரைத் தேர்ந்தெடுப்பதில் எழுதுபவரின் சார்பு வெளிப்பட்டுவிடுவதுதான். ஒரே செய்தியை ஃபேக்ட் என்றால் அதன் உண்மையை அவர் ஏற்றுக்கொண்டதாகிறது. கிளெய்ம் என்றால், அப்படிச் சொல்பவர் வேறொருவர், தனக்கு அதில் பொறுப்பில்லை என்று விலகி நிற்கிறார். ஆங்கிலத் தலையங்கங்களை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள், சுவையாக இருக்கும்.

எல்லாக் கருத்துப்பெயரும் இதற்கு இசைவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்: எபிலிட்டி, அட்டெம்ப்ட் போன்றவை 'டு' சேர்ந்த வினையையே கேட்கும்.